பொன்னி என்பது ஆறல்ல

1

ஈப்போவிலும் தைப்பிங்கிலும் கிள்ளானிலும் இதைப் படிப்பவர்களே, சிதம்பரத்திலிருந்து நான் எழுதி அனுப்பும் குறிப்புகளில் வழக்கமாக மூன்று புலம்பல்கள் இருக்கும். வெயில், விசா, என் மகள். இந்த முறை புலம்புவதற்கு எனக்கு முகம் இல்லை.

சில மாதங்களுக்கு முன் நம் மலேசிய வானொலிக்கு நான் கொடுத்த பேட்டியை உங்களில் பலர் கேட்டீர்கள். கேட்டு அழுததாகச் சிலர் எழுதினீர்கள். அதில் பாடகர் அந்தோணி இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவர் உயிரோடு இருக்கிறார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மகள் வீட்டில் இருக்கிறார். என் வீட்டு வாசலில் இருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம். பல் மருத்துவம் படிக்க நான் இந்தப் பக்கம் வந்து இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே அவர் இங்கே வந்துவிட்டார்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம். படிக்க வந்தவள், கூடப் படித்தவரையே கட்டிக்கொண்டு தங்கிவிட்டேன். இருவருமாகத் தெற்கு வீதியில் ஒரு பல் மருத்துவமனை நடத்துகிறோம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் காலையில் முதலில் வரும் நோயாளியிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிடுவேன். அவர் நான் ஏதோ விரதத்தைப் பற்றிக் கேட்கிறேன் என்று விழிப்பார். "டிபன் ஆச்சா" என்பது தலையில் இருக்கிறது, வாயில் வருவது ஈப்போ. இதையெல்லாம் முன்பு வேடிக்கையாக எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லைத் தவறாக எடுத்துக்கொண்டால் எதுவரை போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

2

என் அப்பா மணியத்துக்கு ஈப்போ ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. அறுபதுகளில் பட்டாளத்து முகாம்களிலிருந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பழுதான கிராமபோன் பெட்டிகளைக் கொண்டுவருவார்கள். சரி செய்த பெட்டி ஓடுகிறதா என்று பார்க்க, அவர்கள் கொண்டுவந்த தட்டுகளையே அப்பா போட்டுக் கேட்பார். அப்படித்தான் சோல் இசை அவர் காதில் விழுந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் பாடிய குரலை அப்படியே ஆட்டக்கூடத்துக்குக் கொண்டுவந்த இசை அது. "சாமி வந்து ஆடுற மாதிரியே இருக்கு. ஆனா தாளம் மட்டும் தப்பல" என்று அப்பா சொல்வாராம்.

அதைத் தமிழில் பாட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. போலீஸ் பேண்டில் டிரம்பெட் ஊதிய ஒரு பஞ்சாபி, சீனர்களின் சாவு ஊர்வலங்களில் சாக்ஸபோன் வாசித்த ஒரு கிழவர், கல்யாண வீடுகளில் டிரம்ஸ் அடித்த இரண்டு பேர் என்று ஆள் சேர்த்தார். பாட ஆள் கிடைத்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்தவர் அந்தோணி. பால்மரம் வெட்டுகிறவர்களின் பிள்ளை, தானும் பால்மரம் வெட்டியவர்.

கடைக்குப் பின்னால் ஒரு அறையில் கோணிச் சாக்குகளைச் சுவரெல்லாம் தொங்கவிட்டுப் பதிவு செய்து, சிங்கப்பூரில் கொடுத்து அச்சடித்தார்கள். உறையில் 'பொன்னி ரெக்கார்ட்ஸ்' என்று போட்டிருக்கும். மொத்தம் மூன்று சிறிய தட்டுகள்தான் வந்தன. அவற்றில் ஒரு பாட்டு மட்டும் தோட்டங்களில் ஓடியது. விடிவதற்கு முன் தொழிலாளர்களை நிற்க வைத்து ஆள் எண்ணுவார்களே, பெரட்டு, அதற்குத் தாமதமாக ஓடி வருகிற ஒருவனின் பாட்டு. கங்காணி பேர் கூப்பிடுகிற மாதிரி ஒரு கத்தலோடு தொடங்கும். அந்தக் கத்தல் பாதியில் அழுகையாகி, பிறகு பாட்டாகிவிடும். எப்படி ஆகிறது என்று எத்தனை முறை கேட்டாலும் பிடிபடாது.

பிறகு அந்தச் சட்டம் வந்தது. உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். நீல அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். சிவப்பு அட்டைக்காரர்களில் எத்தனையோ பேர் கப்பலேறினார்கள். பொன்னி ரெக்கார்ட்ஸ் அத்தோடு நின்றது.

நான் பிறந்தது அதற்கெல்லாம் பிறகு. சின்ன வயதில் அந்தத் தட்டைப் போடச் சொல்லி அப்பாவை நச்சரிப்பேன். "இது யாருப்பா பாடுறது?" என்று கேட்டால் "அந்தோணி" என்பார். "அவரு எங்க இப்ப?" என்றால், "அவன் போயிட்டான்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து உறைக்குள் போட்டுவிடுவார்.

போயிட்டான். நான் அதை ஒரே ஒரு விதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

3

கோலாலம்பூரில் ரூபன் என்று ஓர் இளைஞர் பழைய இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபதிப்புச் செய்கிறார். சந்தையில் கிடைத்த ஒரு பொன்னி தட்டின் உறையைப் பிடித்துக்கொண்டு, அங்கே இங்கே விசாரித்து, என்னிடம் வந்து சேர்ந்தார். அப்பா இறந்த பிறகு மூன்று தட்டுகளும் என்னிடம்தான் இருந்தன, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில். அனுப்பி வைத்தேன். எல்லாப் பாட்டுகளையும் சேர்த்து ஒரே பெரிய தட்டாகப் போடப்போவதாகச் சொன்னார். அதற்கு முன்னோட்டமாகத்தான் வானொலிப் பேட்டி.

என்னிடம் யாரும் அப்படிக் கேள்வி கேட்டதே இல்லை. இங்கே நான் 'மலேசியா டாக்டரம்மா'. அங்கே நான் இல்லவே இல்லை. தொலைபேசியில் ஒரு மரியாதையான குரல் "உங்கள் தந்தையார் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டபோது நான் கரைந்துபோனேன். பாடகர் எப்போது இறந்தார் என்று கேட்டார்கள். "தட்டு வந்து கொஞ்ச நாளிலேயே. அந்தத் துக்கத்தில்தான் அப்பா கம்பெனியை மூடினார்" என்றேன். பொன்னி என்று ஏன் பெயர் என்று கேட்டார்கள். "பொன்னி என்றால் காவிரி. கண்ணாலேயே பார்த்திராத ஓர் ஆற்றுக்கு என் அப்பா செய்த மரியாதை" என்றேன். அந்த வாக்கியம் என் வாயில் வந்தபோது எனக்கே பிடித்துப்போயிற்று.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் கயல் பேட்டியைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"அம்மா, இதெல்லாம் தாத்தா சொன்னாரா?"

"சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆத்துப் பேருன்னு தாத்தா சொன்னாரா?"

"வேற என்னவா இருக்கும்?"

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல."

"அந்த ஊரப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?" என்று வெட்டிவிட்டேன். ஈப்போவை அவள் 'உங்க ஊரு' என்றுதான் சொல்வாள். அதில் எனக்கு எப்போதும் ஒரு மனத்தாங்கல். அன்றைக்கு அந்த மனத்தாங்கல் எனக்கு வசதியாக இருந்தது.

4

ஒரு திங்கட்கிழமை மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், ஈப்போ மணியம் பொண்ணு நீங்கதானே?"

"ஆமா. யாரு பேசறீங்க?"

"எம் பேரு ஸ்டெல்லா. கடலூர்லேர்ந்து பேசறேன். டீச்சரா இருக்கேன். எங்கப்பா செத்துட்டாருன்னு ரேடியோல சொன்னது நீங்கதானே?"

எனக்குப் புரியவில்லை. "உங்கப்பா..."

"அந்தோணி. இதோ உக்காந்து டீ குடிச்சிகிட்டு இருக்காரு. போன குடுக்கட்டுமா?"

அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "பேஷண்ட் காத்திருக்காங்க, நான் அப்புறமா கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். யாரும் காத்திருக்கவில்லை. வெளியே பெஞ்சு காலியாகக் கிடந்தது.

மறுநாள்தான் தைரியம் வந்து கூப்பிட்டேன். அப்போது ஸ்டெல்லா முழுவதையும் சொன்னார். அவரோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சருக்குப் பினாங்கில் சொந்தக்காரர்கள் உண்டு. அவர்கள் அனுப்பிய பேட்டி, பள்ளிக்கூட வாட்ஸப்பில் சுற்றி வந்திருக்கிறது. ஸ்டெல்லா வீட்டில் அதைப் போட்டிருக்கிறார். முதலில் பாட்டு.

"கட்டில்ல படுத்திருந்தவரு எழுந்து உக்காந்துகினாரு. 'அது நான்தாம்மா'ன்னாரு. நாங்க சின்ன புள்ளையா இருக்கசொல்லயே சொல்லுவாரு, தட்டுல பாடியிருக்கேன்னு. யாருமே நம்புனது இல்ல மேடம். கடலூர் பண்ருட்டி பஸ்ல கண்டக்டரா இருந்தவரு. தட்டுல பாடுனாராம்னு எங்கம்மாவே சிரிப்பாங்க. அன்னிக்குத்தான் எங்களுக்கு அது நெசம்னு தெரியுது. பாட்டு முடிஞ்ச கையோட உங்க குரலு வருது. அந்தோணி எறந்துட்டாருன்னு."

"அவரு என்ன சொன்னாரு?"

"இன்னொரு தடவ போடச் சொன்னாரு."

5

ரூபனிடம் சொன்னேன். அவர் பதறிப்போனார். உறைகள் 'காலஞ்சென்ற அந்தோணி' என்று அச்சாகிவிட்டன. திருத்த வேண்டுமென்றால் இவர்தான் அவர் என்பதற்கு ஆவணம் வேண்டும் என்று சொல்லி, என்னென்ன தேவை என எழுதி அனுப்பினார். பிறப்புச் சான்று, பழைய மலாயா அடையாள அட்டை, கப்பல் பயணச் சீட்டு, இன்றைய அடையாளம். நியாயமாகத்தான் கேட்டார். நானும் அதை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடலூர் பேருந்தில் ஏறினேன்.

கடலூர் எனக்குப் புதிதல்ல. வெளிநாட்டவர் பதிவுக்காக எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். அந்த அலுவலக பெஞ்சைப் பற்றியும், எப்போதும் ஒரு நகல் குறைகிற மாயத்தைப் பற்றியும் உங்களுக்கு எவ்வளவு எழுதியிருக்கிறேன். வேலை முடிந்ததும் அப்படியே திரும்பிவிடுவேன். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துப் பக்கம் உள்ள அந்தச் சந்தில் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் முறை.

அவர் வாசலுக்கே வந்து நின்றிருந்தார். உயரம், கொஞ்சம் கூன், கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு. நான் குனிந்து காலைத் தொடப் போனேன். "சேச்சே, அதெல்லாம் வேணாம். உள்ள வாம்மா" என்று விலகினார். பேசும்போது துண்டால் வாயை மூடிக்கொண்டார். என் தொழில் அப்படி, முதலில் அதுதான் கண்ணில் பட்டது. மேல் வரிசையில் பல்லே இல்லை.

ஸ்டெல்லா ஒரு தட்டில் பலாச்சுளை கொண்டுவந்து வைத்தார். அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "பண்ருட்டி பழம். நீ சாப்பிடு. நமக்குக் கடிக்க வராது."

"அங்கிள், என்னை மன்னிச்சிருங்க" என்றேன். பேருந்தில் ஒத்திகை பார்த்து வந்ததில் அவ்வளவுதான் நினைவுக்கு வந்தது.

அவர் கேட்டது அப்பாவைப் பற்றி. "மணியம் எப்பிடி இருக்காரு?" என்றார்.

அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று சொன்னேன். அவர் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "பேட்டில நீ இருந்தாரு இருந்தாருன்னு சொன்னப்பவே நெனச்சேன். கேக்கணும் இல்ல, அதான் கேட்டேன்."

ஒருவர் இறந்துவிட்டாரா என்று கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரம் அப்பாவைப் பற்றியே பேசினார். கோணிச் சாக்கு கட்டிய அந்த அறைக்குள் வேர்த்துக் கொட்டியது, சாக்ஸபோன் கிழவர் ஒவ்வொரு பாட்டையும் சாவு ஊர்வலம் மாதிரியே இழுத்தது, எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தார். நான் லேசாகிவிட்டேன். மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன். அந்தத் துணிச்சலில் கைப்பையிலிருந்து ரூபனின் தாளை எடுத்துப் படித்தேன்.

கேட்டு முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"காயிதம் இல்லன்னுதாம்மா அங்கேர்ந்து அனுப்பிச்சாங்க. நான் அங்க பொறந்தவன். தோட்டத்துல பொறந்த புள்ளைக்கு யாரு சீட்டு எழுதிக் குடுத்தா? நாகப்பட்டணத்துல எறங்குனப்ப, இங்க ஒரு காயிதம் கேட்டாங்க. இப்ப நான்தான் நான்னு சொல்றதுக்கு இன்னொரு காயிதமா?"

"அப்பா, அவுங்க நல்லதுக்குத்தானே கேக்கறாங்க" என்றார் ஸ்டெல்லா. பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "குடுத்தாலும் பிரயோஜனம் இல்ல மேடம். ஆதார்ல நெல்லிக்குப்பத்துல பொறந்ததாத்தான் இருக்கு. ரேஷன் கார்டு வாங்கசொல்ல அப்பிடித்தான் எழுதச் சொன்னாங்களாம்."

தாளை மடித்தேன். மடிக்கிற சத்தம் அந்த வீட்டில் எனக்குப் பெரிதாகக் கேட்டது.

"நான் செத்தேன்னு சொன்னியே, அது கூடப் பரவால்ல" என்றார் அவர். இப்போது வாயை மூடிக்கொள்ளவில்லை. "எழுவத்தஞ்ச தாண்டியாச்சு, இன்னிக்கில்லன்னா நாளைக்கு. பொன்னின்னா ஆறுன்னு சொன்ன பாரு, அதான் மனசு கேக்கல. எங்கம்மா பேரும்மா அது."

அவரே மேலே சொன்னார்.

"ஒத்திக நடக்குற அன்னிக்கெல்லாம் தோட்டத்துலேர்ந்து பஸ் ஏறி வருவாங்க. அத்தினி பேருக்கும் ஆக்கிப் போடுவாங்க. சீனக் கெழவன் எங்கம்மா கருவாட்டுக் கொழம்புக்குன்னே வருவான். தட்டுக்கு என்னா பேரு வைக்கிறதுன்னு எல்லாம் மண்டைய ஒடச்சிகிட்டப்போ உங்கப்பாதான் சொன்னாரு, சோறு போட்டவ பேரையே வையிடான்னு. அவுங்களையும் கூட்டிகினுதான் நான் கப்பலேறுனேன். இங்க வந்து ஜாஸ்தி நாளு இல்ல. வந்த வருஷமே போயிட்டாங்க. அவுங்களுக்குன்னு ஒலகத்துல இருந்தது அந்தத் தட்டுல உள்ள பேரு ஒண்ணுதான். அத நீ ஆத்துக்குக் குடுத்துட்ட."

6

திரும்பும் பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. வெளியே எதையும் நான் பார்க்கவில்லை.

என் கல்யாணத்துக்கு அப்பா சிதம்பரம் வந்திருந்தார். அவர் இந்தியாவுக்கு வந்தது அந்த ஒரு முறைதான். கல்யாணம் முடிந்து இரண்டு நாள் கழித்து, காபி குடித்துக்கொண்டே "கடலூர் இங்கேருந்து கிட்டவாம்மா?" என்று கேட்டார். "அங்க என்னப்பா இருக்கு? வெயில்தான். பேசாம ஓய்வெடுங்க" என்றேன். "சும்மாதான் கேட்டேன்" என்று விட்டுவிட்டார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் இன்னொரு முறை கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

தோட்டத்துத் தமிழில் 'ஊருக்குப் போயிட்டான்' என்றால் இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று பொருள். அப்பா முதல் சொல்லை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் எனக்குச் சொல்லியிருக்கிறார். கடலூரில் யாரைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் இரண்டு பேரும் சந்தித்திருப்பார்கள். எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. கேட்காமலே தெரிந்தவள் மாதிரி பேசுவது எனக்கு அப்போதே பழகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து ரூபனைக் கூப்பிட்டேன். ஆவணம் எதுவும் வராது என்றேன்.

"அப்படின்னா எங்க வக்கீல் ஒத்துக்க மாட்டாரு ஆன்ட்டி. நாளைக்கு வேற யாராச்சும் வந்து நான்தான் அந்தோணின்னு சொன்னா?"

"ரூபன், அவரு செத்துட்டாருன்னு நான் சொன்னப்ப நீங்க என்கிட்ட ஒரு ஆவணமும் கேக்கலையே."

நல்ல பிள்ளை. அவர் யோசிப்பது எனக்குக் கேட்டது.

கடைசியில் உறை மேல் ஒரு சீட்டு ஒட்டுவது என்று முடிவாயிற்று. என்ன எழுத வேண்டும் என்று என்னையே சொல்லச் சொன்னார். சொன்னேன்: 'இதில் பாடியிருக்கும் அந்தோணி கடலூரில் வாழ்கிறார். பொன்னி அவருடைய தாயின் பெயர். உறையில் உள்ள தவறுகள் மணியத்தின் மகளால் நேர்ந்தவை.' கடைசி வரி வேண்டாமே என்றார் ரூபன். வேண்டும் என்றேன். வெளியீட்டு விழா மேடையில் எனக்கு வைத்திருந்த நாற்காலியும் வேண்டாம் என்றேன்.

சீட்டு ஒட்டிய தட்டு இப்போது உங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கும். ஆனால் அந்தப் பேட்டி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன வாரம்கூட ஒருவர் 'அந்தோணியின் ஆத்மா சாந்தியடையட்டும்' என்று எனக்கு எழுதியிருந்தார். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். கயலிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் குத்திக்காட்டுவாள் என்று காத்திருந்தேன். "அந்தத் தாத்தாவ நானும் ஒருநாள் பாக்கலாமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குக் குத்திக்காட்டியே இருக்கலாம்.

7

பல் கட்டித் தருகிறேன் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னபோது, "அத நீங்களே அவருகிட்ட கேட்டுக்குங்க அக்கா" என்றார். மேடம் எப்போது அக்காவானேன் என்று நான் கவனிக்கவில்லை. கேட்டேன். தட்டு கைக்கு வந்தபின் யோசிக்கிறேன் என்றார் அவர். தட்டு வந்தது. அதைப் போட்டுக் கேட்க அந்த வீட்டில் கருவி இல்லை. உறையில் அம்மாவின் பேர் இருக்கும் பக்கம் வெளியே தெரியும்படி மாதா படத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறார் என்று ஸ்டெல்லா சொன்னார். அதற்கடுத்த வாரம் இருவரும் சிதம்பரம் வந்தார்கள்.

அளவெடுக்க, மெழுகு வைத்துப் பார்க்க, மறுபடியும் திருத்த என்று சில தடவை வந்து போனார். வாய் திறந்தே இருக்க வேண்டிய வேலை என்பதால் எங்களுக்குள் பேச்சு குறைவு. அது எனக்கு உதவியாக இருந்தது. என் கணவர்தான் அவரிடம் பழைய பஸ் கதைகளைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பல் செட்டைப் பொருத்திய அன்று கையில் கண்ணாடியைக் கொடுத்தேன். முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். புதுப் பல்லோடு பேச்சு குழறாமல் வருகிறதா என்று பார்க்க, எல்லோரையும் எண்ணச் சொல்வது எங்கள் வழக்கம்.

"ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க அங்கிள். நிதானமா."

கண்ணாடியைப் பார்த்தபடியே தொடங்கினார். "சத்து. டுவா. தீகா."

மலாய். ஸ்டெல்லா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாப்பா பாஷ இது?"

அவர் நிறுத்தவில்லை. "அம்பாட். லீமா. அனாம். துஜோ." அங்கே நின்றுவிட்டார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"அடுத்தது என்னாம்மா?"

என் ஊரை நான் ஒரு நாளும் மறந்ததில்லை என்று உங்களுக்கு எத்தனை முறை எழுதியிருக்கிறேன். அந்தக் கிழவர் புதுப் பல்லோடு காத்திருக்க, ஒன்றிலிருந்து மனதுக்குள் மறுபடி எண்ணிக்கொண்டு வந்துதான் எனக்கு அந்த எட்டு கிடைத்தது.

"லாப்பான், அங்கிள்."

"லாப்பான்" என்றார். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்போல இன்னொரு தரம் சொன்னார். பிறகு கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போனார்.